கெட்ட வார்த்தைக்கு உப்புத் தண்ணீர்

தொண்டைக்குள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் உருளும் சத்தம், குடத்துக்குள் கூழாங்கல்லைப் போட்டு யாரோ மெதுவாக ஆட்டுவதைப் போல என் தலைக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மறுநாள் அது. மூன்று வேளையும் கொப்புளியுங்கள் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். மாதவரத்து வீட்டின் சமையலறைத் தொட்டியில் குனிந்து நான் துப்பிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அம்மா, எண்பதைத் தாண்டிய என் அம்மா, அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏல, இந்த வயசுல என்ன கெட்ட வார்த்தை பேசினே?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் மருந்தாக மாறியது இப்போதுதான். நான் வளர்ந்த திருவொற்றியூர்க் கடையில் அது தண்டனை. முன்னால் மளிகைக் கடை, அதற்குப் பின்னால் எங்கள் குடித்தனம், அதற்குப் பின்னால் ஒரு படி, படிக்குக் கீழே மணல், மணல் முடியும் இடத்தில் மீனவர் குப்பம், குப்பம் முடியும் இடத்தில் கடல். அந்தப் படியோரம் ஒரு மண்சட்டியில் உப்புக் கரைத்த தண்ணீர் எப்போதும் இருக்கும். குப்பத்துப் பையன்களோடு விளையாடிவிட்டு வரும் நான், அங்கிருந்து நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சொல்லை வாய்தவறி விட்டுவிட்டால், மூன்று முறை கொப்புளித்து மணலில் துப்பிய பிறகுதான் படி ஏற வேண்டும். "வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள வா." சாப்பிட வா என்பதைவிட அதிகமாக நான் கேட்ட வாக்கியம் அது.

"தேசப்பனுக்குப் பத்திரிகை வச்சியாய்யா?" என்று அம்மா அடுத்ததாகக் கேட்டாள். என் மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

"வைக்கணும்."

"வைக்கணும் வைக்கணும்னே சொல்லிக்கிட்டு இரு. அவன் வராம எப்படி? வந்தாம்னா மாப்பிள்ளைகிட்ட அந்த உப்புத் தண்ணிக் கதையச் சொல்லணும்."

தேசப்பன் குப்பத்துப் பையன், என் சின்ன வயதுச் சிநேகிதன், அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். பத்திரிகையை நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வேறு. நாற்பது வருஷமாக, தேசப்பனின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். பத்து வயதில் அவனிடம் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன். அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வந்த புதிதில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் பீடி வாங்க வந்தபோது, ஊர் வழக்கப்படி வாஞ்சையோடு "என்னல வேணும்?" என்று கேட்டுவிட்டார். "யார்ரா இவன், எம்மா தகிரியம் இருந்தா என்னையே லே போட்டுக் கூப்புடுவான்" என்று அந்த மனிதர் பலகையைத் தாண்டி அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டாராம். பக்கத்தில் சீயக்காய் வாங்க நின்ற குப்பம்மாதான் நடுவில் புகுந்து விலக்கியிருக்கிறாள். விலக்கியவள் இரண்டு பேரையும் பெற்றவளிலிருந்து பாட்டன் வரைக்கும் இழுத்துவைத்துப் பேசிய பேச்சில், ஒரு "லே"க்குச் சட்டையைப் பிடித்த அதே மனிதர் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனாராம். அப்பா இதைக் கடைசிவரை ஒரு விடுகதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குப்பம்மா தேசப்பனின் அம்மா. தலையில் மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போய் விற்கிறவள். கூடையை இறக்குவதற்கு முன்பே பேச்சை இறக்கிவிடுவாள். "இன்னாடா கஸ்மாலம், துன்னியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பாள். அந்தக் கஸ்மாலத்தில் அழுக்கு எதுவும் இருந்ததில்லை, உச்சந்தலையில் வைத்த ஈரக் கைதான் இருந்தது. சோமாறி, பேமானி, பொறம்போக்கு, கேப்மாரி என்று அவளிடம் எனக்கு நாளுக்கொரு பெயர் இருந்தது. இங்கே எழுத முடிவது இவ்வளவுதான். எழுத முடியாதவற்றில்தான் பிரியம் அதிகமாக இருந்தது. கேப்மாரி என்பது ஒரு கூட்டத்து மக்களின் பெயர், அவர்கள் பிறந்ததற்காகவே வெள்ளைக்காரர் சட்டத்தில் திருடர்கள் என்று எழுதிவைக்கப்பட்டவர்கள் என்பதை நான் மிகவும் பிந்திப் படித்தேன். அன்றைக்கு அந்தத் தெருவில் அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் எத்தனை பேர் மீது ஏறி நடந்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை, ஒரு சோர்வுதான் வருகிறது.

அம்மாவிடம் இருந்த பட்டியல் வேறு. இடுப்புக்குக் கீழே இருக்கும் எதையும் சொல்லக்கூடாது, பெற்றவளை இழுக்கக்கூடாது, "துன்னு" என்பதுகூட அவள் காதுக்குப் பாதிக் கெட்ட வார்த்தைதான். ஆனால் மண்ணெண்ணெய் வண்டிக்காரரை அவள் "நொண்டி" என்றுதான் சொல்வாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் "கருவாச்சி" என்பதே பெயர். சாக்கடை அள்ள வருகிறவரை, அவருடைய சாதியின் பெயரைச் சொல்லித் தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள். இவற்றுக்கெல்லாம் சட்டித் தண்ணீர் தேவைப்பட்டதில்லை. நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிட முப்பது வயது பெரியவர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்து, "இன்னா தம்பி" என்று சிரித்திருக்கிறார். நான் வாய் கொப்புளிக்காமல் உள்ளே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

அம்மா மாப்பிள்ளையிடம் சொல்ல நினைத்த கதை இதுதான். ஒரு மத்தியானம், விளையாட என்னைக் கூப்பிட வந்த தேசப்பன் பின்படியில் ஏறி எட்டிப் பார்த்தான். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். பிரியமாக ஒரு சொல்லைச் சொல்லி, "சீக்கிரம் துன்னுட்டு வாடா" என்றான். அம்மா கரண்டியோடு எழுந்து போனாள். "ஏல, முதல்ல வாயக் கொப்புளிச்சிட்டு இந்தப் படியில ஏறு" என்றாள். அவனுக்கு எட்டு வயதிருக்கும். சட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஒரு கை அள்ளி வாயில் ஊற்றி, துப்புவதற்குப் பதிலாக முழுங்கிவிட்டு, "இன்னா அண்ணாச்சிம்மா, உப்பு பத்தல. எங்க கடல்ல ஜாஸ்தியா கீது" என்றான். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு விடாமல் எல்லாப் பந்தியிலும் இந்தக் கதை பரிமாறப்பட்டிருக்கிறது.

நான் சொன்ன வாக்கியம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அந்த ஐப்பசியில் மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. கடலின் நிறம் சாம்பலும் சேறுமாகக் குழம்பிக் கிடந்தது. அடிபம்புக்குப் பக்கத்தில் இறுகிய ஈர மண்ணில் நாங்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தோம். தோற்றவன் தன் பம்பரத்தை வட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும், ஜெயித்தவன் தன் பம்பரத்து ஆணியால் அதைக் குத்துவான். அந்தக் குத்துக்கு "ஆக்கர்" என்று பெயர். தேசப்பன் போட்ட மூன்றாவது ஆக்கரில், வாங்கி ஒரு நாள்கூட ஆகாத என் பம்பரம் இரண்டாகப் பிளந்தது. "போடா அண்ணாச்சி, போய்ப் பொட்டலம் மடி" என்றான். என் வயதுக்காரன்தான், ஆனாலும் கடைக்காரர் பிள்ளை என்பதால் என்னை அண்ணாச்சி என்றுதான் கேலியாகக் கூப்பிடுவான். பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு வாய்க்குள் ஏதேதோ முட்டிக்கொண்டு வந்தது, எல்லாம் சட்டித் தண்ணீர் வார்த்தைகள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, அசிங்கம் கொஞ்சமும் ஒட்டாத, அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லக்கூடிய ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன்.

"உங்கப்பா கடலோடவே போவட்டும்."

விடிவதற்குள் கடலுக்குப் போன கட்டுமரங்களில் பாதிதான் அதுவரை திரும்பியிருந்தன. அவனுடைய அப்பா நடேசன் போன மரம் திரும்பவில்லை.

தேசப்பன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சாட்டைக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நின்றான். அடிபம்பில் கையை வைத்திருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். பாதி நிரம்பிய குடத்தில் தண்ணீர் சொட்டுவது நின்றது. இன்னொருத்தி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து அந்தப் பம்படியில் நானே கேட்டிருந்தேன், குடத்தை முன்னால் வைத்ததற்காக ஒருத்தி இன்னொருத்தியின் பிறப்பையே கேள்வி கேட்டதை, கேட்கப்பட்டவள் அதற்கு மேலே நாலு சொல் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிஷம் அவளிடமே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டதை. அந்த வாய்களெல்லாம் இப்போது மூடிவிட்டன.

குப்பம்மா வந்தாள். என்னைத் திட்டவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் வாயிலிருந்து என் சொந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான், அதைவிடப் பயங்கரமான ஒன்றை அதற்குப் பிறகு யார் வாயிலும் கேட்டதில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கடைக்கு நடத்திக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, உம் புள்ள என் வூட்டுக்காரர கடலோட போவச் சொல்ட்டான். மரம் இன்னும் வரல."

அப்பா தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, புரியாமல், கொஞ்சம் ஆறுதலோடுகூட, "என் பிள்ள கெட்ட வார்த்தை ஒண்ணும் பேசலையேம்மா. சின்னப்பய, கோவத்துல சொல்லிட்டான். இந்தா, வாயக் கொப்புளிக்கச் சொல்லுதேன்" என்றாள்.

"கொப்புளிச்சா போற வார்த்தை இல்லம்மா இது" என்றாள் குப்பம்மா. "மரம் வர்ற வரிக்கும் இவன் கரைல குந்தணும். சொன்ன வாயே 'வந்துட்டாரு'ன்னு சொல்லணும். அப்பதான் அது போவும்."

அது குப்பத்தின் வழக்கமா, அந்த நிமிஷத்தில் அவளே கண்டுபிடித்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாலேயே வந்திருந்த பம்படிப் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா வாய் திறப்பதற்குள் அப்பா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். பட்டப்பகலில் எங்கள் கடை மூடியதை நான் பார்த்ததே இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஈர மணலில் உட்காரவைத்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ண எடுக்காத. பாத்துக்கிட்டே இரு" என்றார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அலையும் எதையோ தூக்கிக் காட்டிவிட்டு மறைத்தது. குப்பம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றாள், அவளுடைய புடவை ஓரம் நனைந்து கனத்துக்கொண்டே போனது. தேசப்பன் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சையும் என்னால் எண்ண முடிந்தது. எங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கி, எங்கள் நிழல்கள் நீண்டு கடலுக்குள் இறங்கின. வாக்கியத்தை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடியுமா என்று மூச்சை உள்ளே இழுத்து இழுத்துப் பார்த்தேன். பத்து வயதில் ஒருவன் எப்படிக் கிழவனாகிப்போவான் என்பது எனக்குத் தெரியும்.

வெளிச்சம் கரைகிற நேரத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. மரங்களை அடையாளம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது, தேசப்பனுக்குத் தெரியும். அவன் விருட்டென்று எழுந்துவிட்டான். வாயும் திறந்துவிட்டது. ஆனால் அவன் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான், காத்திருந்தான், தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினான். முதல் தடவை குரல் எழவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

"வந்துட்டாரு!"

நடேசன் மரத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, காதுக்குள் போன தண்ணீரைத் தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே, "இன்னா, ஊரே கூடிகினு கீது? சினிமா ஷூட்டிங்கா?" என்றார். அப்போது குப்பம்மா ஆரம்பித்தாள். பொழுதெல்லாம் அடக்கிவைத்த அத்தனையும் அந்த மனிதர் தலையில் கொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே வலையை உதறினார். எல்லாம் முடிந்தபின் அவள் என் பக்கம் திரும்பி, "இன்னும் இன்னாடா மொறைச்சிகினு குந்திகினு கீற, கஸ்மாலம்? வூட்டுக்குப் போய் துன்னு" என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. கடல் மணலைத் தின்றுகொண்டே வந்து எங்கள் பின்படியை ஒரு மழைக்காலத்தில் எடுத்துக்கொண்டது. கடையைக் கொடுத்துவிட்டு மாதவரம் வந்தோம். கல்லூரியில் என் வாயிலிருந்து ஒரு "கீது" நழுவியபோது வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வாயைத் துடைத்துத் துடைத்து, இன்று எந்த ஊர்ப் பேச்சும் இல்லாத ஒரு பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் பாதிக்கு மேல் வேடிக்கையாகிவிட்டன. பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் சிரிப்புப் படத்தின் கீழே எழுதி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டின் நல்ல வார்த்தைகள் கெட்டுப்போய்விட்டன. அம்மா வாயில் "நொண்டி" என்று வந்தால் என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள். அவள் செய்வது சரி. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசுவது அலுப்பாக இருக்கிறது என்பதும் நிஜம். போன மாதம் பேருந்தில் ஒரு கல்லூரிப் பையன் தன் சிநேகிதனைப் பார்த்து, "போடா, கடல்ல போய் விழு" என்றான். சிநேகிதன் சிரித்தான். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீங்கிய கன்னத்தோடு, தாம்பாளமும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு தேசப்பன் வீட்டுக்குப் போனேன். எண்ணூர் போகும் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. அவன் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. கதவைத் திறந்ததும் என் கன்னத்தைப் பார்த்து, "இன்னாடா அண்ணாச்சி, எவன்கிட்ட ஒதை வாங்கினு வர்ற..." என்று பழைய சொல் ஒன்றையும் சேர்த்துக் கேட்டான். உள்ளேயிருந்து "அப்பா!" என்று ஒரு குரல் வந்தது. அவனுடைய மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

"பாத்தியா, எனுக்கு வூட்லயே சென்சாரு" என்றான் குரலைத் தாழ்த்தி. "பேரன் புட்சிக்குவானாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆவலன்னாகூட, 'ஐயோ, இன்னா ஆச்சி உனுக்கு'ன்னு மரியாதியா கேக்கறேன்டா. எங்கம்மா பேசினதுல பாதிய பேசினாகூட இந்த வூட்ல சோறு கெடைக்காது."

தாம்பாளத்தைக் கொடுத்தேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கி, பத்திரிகையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான், என் அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றான். டீ வந்தது. கன்னம் வலிக்க நான் பேச ஆரம்பித்தேன். கரையில் உட்கார்ந்த அந்த நாளைச் சொன்னேன். இத்தனை வருஷம் அவனிடம் இதைப் பேசியதே இல்லை என்பதையும், அதனாலேயே பத்திரிகை வைக்கத் தயங்கினேன் என்பதையும் சொன்னேன்.

"அதா?" என்றான். அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அத்த இன்னும் தூக்கினு சுத்திகினு கீறியா, பைத்தியக்காரா? அது அன்னிக்கே முடிஞ்சி போச்சே. நீதான் வந்துட்டாருன்னு கத்தினியே. எங்கப்பா அதுக்கப்பறம் எத்தினி வருசம் கடலுக்குப் போனாரு, கடைசில கட்டில்ல படுத்து, கஞ்சி குடிச்சிட்டுதான் போனாரு. உங்கப்பா கடைய மூடிட்டு வந்து மண்ல குந்தினாரு பாரு, சாவற வரிக்கும் எங்கம்மா அதையே சொல்லிகினு இருந்துச்சி."

லேசாகிவிட்ட மகிழ்ச்சியில் நான் சிரித்துக்கொண்டே, "அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. மாப்பிள்ளைகிட்ட அந்த உப்புத் தண்ணிக் கதையச் சொல்லணுமாம், நீ பக்கத்துல இருக்கணுமாம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. டீ கிளாசைத் தரையில் வைத்தான். மகள் உள்ளே போய்விட்டாளா என்று பார்த்துக்கொண்டான்.

"நான் வரலடா கல்யாணத்துக்கு" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அவன் அவசரப்படாமல், இன்ஜினில் எந்த இடத்தில் கோளாறு என்று காட்டுகிறவனைப் போலச் சொன்னான். "கெட்ட வார்த்தை சொன்னதுக்குதான் கொப்புளிக்கச் சொன்னாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்? அது எங்க வூட்ல கெட்ட வார்த்தையே இல்ல. என் வாயில மீன் நாத்தம் அடிக்குது, அதான் கழுவிகினு ஏறச் சொல்றாங்கன்னு நெனச்சேன். எங்களல்லாம் அப்பிடித்தான்னு நெனச்சேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். சிரிக்காம இன்னா பண்ணுவேன், எட்டு வயசுல? அன்னிலருந்து பெரிய மனுசங்க யார்கிட்ட பேசினாலும் கைய இப்பிடி வாய்க்கு குறுக்க வச்சிகினுதான் பேசுவேன். இப்பகூட படகு ஓனருங்க வந்தா கை தானா மேல போவுது. எம் பொண்ணு கேட்டுது, ஏம்பா இப்டி பண்றன்னு. பழக்கம்மான்னு சொல்லி வச்சிருக்கறேன்."

ஆறாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பால் அவனுடைய முழங்கையில் தட்டி, "கையை எடுத்துட்டுப் பதில் சொல்லுடா" என்றது எனக்கு நினைவு வந்தது. நான் பக்கத்து இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொத்தைப் பல்லை மறைக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

நான் சொன்ன பேச்சுக்கு ஒரு கரை இருந்தது, அதில் உட்கார முடிந்தது, கத்த முடிந்தது, பொழுது சாய்வதற்குள் அது தீர்ந்தது. அம்மா சொன்னதை யாரும் குற்றம் என்றே நினைக்கவில்லை. அதனால் யாரும் எங்கேயும் போய் உட்காரவில்லை. ஒவ்வொரு பந்தியிலும் சிரித்துச் சிரித்து அதை நாங்கள் புதிதாக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

"அவங்க மேல கோவம் இல்லடா" என்றான். "ஆனா நான் வந்தா மண்டபத்துல அத்த சொல்லுவாங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க சிரிப்பாங்க. எம் பொண்ணு பக்கத்துல நின்னுகினு கேப்பா."

"சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லிடறேன்."

"அந்த வயசுல அவங்க வாய நீ இன்னாத்துக்குக் கட்டற?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரிந்தது, கடலுக்கும் சாலைக்கும் நடுவில் கருங்கற்களைக் கொட்டிய நீண்ட தடுப்பு தெரிந்தது. தெற்கே எங்கள் படி இருந்த இடம், நாங்கள் பம்பரம் விட்ட இடம், அப்பா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த மணல் எல்லாம் அந்தக் கற்களுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குக் கீழே எங்கேயோ கிடந்தன. அடிபம்பு இல்லை, குப்பம்மா இல்லை. பொழுதுக்கும் அடக்கி ஒரே மூச்சில் கொட்டி, கொட்டிய கையோடு மறந்துவிடுகிற அந்தப் பேச்சைப் பேச இப்போது யாரும் இல்லை. எதிரில் வந்து, சொன்ன வாயே வந்து நிற்கட்டும் என்று கேட்கிற ஆளும் இல்லை. கோபம் வந்தால் கைப்பேசி எண்ணைத் தடைசெய்துவிடுகிறோம், குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறோம், கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுகிறோம்.

"சரி, நான் வர்றேன்" என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கீழே இறங்கினான். நான் வண்டியை எடுத்துத் திருப்பியபோது, கைப்பிடியின் மேல் கை வைத்து நிறுத்தினான்.

"மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் வேணாம். அதெல்லாம் அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, சும்மா பேஜாரு. அடுத்த ஞாயித்துக்கெழம அவங்கள இங்க கூட்டிகினு வா. என் வூட்ல வந்து குந்தி, எம் பொண்டாட்டி போடற சோத்த துன்னட்டும். அம்மாம் வருசத்துல ஒரு நாளு எங்க வூட்டு வாசப்படி ஏறினதில்ல அவங்க. ஏறட்டும். அப்பறம் கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து நிக்கறேன், எந்தக் கதய வேணா சொல்லட்டும்."

அம்மா வருவாளா, வந்தால் எதற்கு என்று கேட்பாளா, கேட்டால் நான் என்ன சொல்வேன், எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல முடியாமல், தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"அம்மாவால மூணு மாடி ஏற முடியாதுடா."

"கீழ வரிக்கும் நீ கூட்டிகினு வா" என்றான் தேசப்பன். "மேல நான் தூக்கினு போறேன்."